அப்பாவின் படத்தை ஒரு மீன் கம்பெனி விளம்பரத்தில் போட்டிருக்கிறது, என்ன செய்யலாம்?

முட்டத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் முட்டம். நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். லீவு நாளில் கேமராவை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். விற்பதற்காக எடுப்பதில்லை. ஊரையும் ஊர்க்காரர்களையும் எடுத்து என் முகநூல் பக்கத்தில் போடுவேன், மூலையில் என் பெயர் இருக்கும்.

அதில் ஒரு படம், அப்பா வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பது. வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார், வலது கையில் ஊசி. வெளியூர்க் கம்பெனி ஒன்று, ஐஸ் மீனை பாக்கெட்டில் அடைத்து ஆன்லைனில் விற்கிறவர்கள், இந்தப் படத்தைத் தங்கள் வெப்சைட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டியாகிவிட்டது, அதோடு என் பெயரும் போனது. எழுத்து வைக்க இடம் வேண்டும் என்று படத்தை இடவலமாகத் திருப்பியதில் அப்பா இப்போது இடது கையால் தைக்கிறார். பக்கத்தில் பெரிதாக, 'எங்கள் மீனவர் பிடித்தது' என்று ஒரு வரி.

அந்த வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா அவர்களுக்கு ஒரு சாளைகூடக் கொடுத்ததில்லை. அவர் மீன் கரையிலேயே ஏலத்துக்குப் போகும். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், கம்பெனிக்காரன் மாசம் எவ்வளவு தாறான் என்று கேட்கிறார்கள். வருஷக்கணக்காக ஏலம் எடுக்கிறவரே, இனி எங்களுக்கு மீன் கிடையாதோ என்று கேட்டுவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீ குடுத்தியா பிள்ளே?"

கம்பெனிக்குப் போன் செய்தேன். "கூகுளில் கிடைத்தது, கூகுளில் இருப்பது பொது. வேண்டுமானால் உங்கள் பெயரைக் கீழே போடுகிறோம்" என்றார்கள். காப்பிரைட் பதிவு செய்திருக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். நான் எதையும் பதிவு செய்யவில்லை. எனக்கு உரிமை இருக்கிறதா? அப்பாவுக்கு இருக்கிறதா? யாரிடம் போக வேண்டும்?

மார்த்தாண்டம் ஸ்டுடியோ:

தங்கச்சி, வாசித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழே ஆற்றில் இறங்கி நின்று நான் எடுத்த படத்தை ஒரு டிராவல்ஸ்காரர் பேனர் அடித்து வைத்திருந்தார். கேட்டதற்கு, பாலம் அரசாங்கத்துடையதுதானே என்றார். பாலம் அரசாங்கத்துடையது, படம் என்னுடையது. நம் மாவட்டத்தில் இது ரொம்பச் சகஜமாகிவிட்டது. வள்ளுவர் சிலை, கண்ணாடிப் பாலம், திற்பரப்பு என்று யார் எடுத்தாலும் அது ஊர்ச்சொத்து என்று நினைக்கிறார்கள். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிலையை யாரும் படம் எடுத்து வெளியிடலாம், சட்டமே அனுமதிக்கிறது. அதற்காக இன்னொருவர் எடுத்த படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை.

இனி அவர்களுக்குப் போன் பண்ணாதீர்கள். உஷாரானால் படத்தை எடுத்துவிட்டு, நாங்கள் போடவே இல்லை என்பார்கள். முதலில் ஆதாரத்தைச் சேருங்கள். மேலே முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். இணையப் பக்கங்களை நகலெடுத்துச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த லிங்கைக் கொடுத்துப் பதிந்துவிட்டால், பிறகு அவர்கள் அழித்தாலும் அங்கே நிற்கும். அப்புறம் படத்தைக் கொடுத்தே தேடுகிற கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள். திருப்பியும் வெட்டியும் போட்டிருப்பதால், நீங்களும் படத்தை அதே மாதிரி திருப்பி வெட்டி இன்னொரு தடவை தேடுங்கள், வேறு இடத்தில் இருந்தாலும் அகப்படும்.

முக்கியமானது கேமராவில் இருக்கும் மூல ஃபைல். முகநூலில் ஏற்றினால் தேதி, கேமரா விவரமெல்லாம் படத்திலிருந்து போய்விடும், வாட்ஸப்பிலும் அப்படித்தான். கார்டில் இருப்பதில் எல்லாம் இருக்கும். அதைவிட, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் தேடுங்கள். அப்பா ஊசியில் நூல் கோர்ப்பது, நிமிர்ந்து உங்களைப் பார்ப்பது, இப்படி ஏதாவது இருக்கும். திருடியவனிடம் ஒரு படம்தான் இருக்கும், எடுத்தவளிடம் வரிசையே இருக்கும். வெட்டுப்படாத காலும் விரலில் மாட்டிய வலையும் உங்களிடம் மட்டும்தானே இருக்கிறது! முகநூலில் போட்ட பதிவை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், நீங்கள் முதலில் வெளியிட்ட தேதிக்கு அதுதான் சாட்சி.

குளச்சல் மக்கா:

வாட்டர்மார்க்கை ஓரத்தில் போட்டால் வெட்டத்தான் செய்வார்கள். படத்தின் நடுவில் போட வேண்டும். இல்லையென்றால் ஆன்லைனில் போடவே கூடாது.

மார்த்தாண்டம் ஸ்டுடியோ:

தம்பி, முகத்தின் மேல் பெயர் எழுதினால் அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்? திருடுவான் என்று கடற்கரைப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் படம் எடுத்துப் போடாமல் இருந்தால், நம்மைப் பற்றி வெளியூர்க்காரன் எடுத்ததுதான் மிஞ்சும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வடசேரி வக்கீல்:

நாகர்கோவில் கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன் சகோதரி.

பதிவு கட்டாயமே இல்லை. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்த நிமிஷமே உரிமை எடுத்தவருக்கு வந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு வேறொருவருக்காக எடுத்திருந்தால்தான் கதை வேறு. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருஷமும் அந்த உரிமை நிற்கும். முகநூலில் போட்டதால் நீங்கள் அனுமதி கொடுத்தது முகநூலுக்கு, ஐஸ் மீன் கம்பெனிக்கு இல்லை. பெயர் போடுகிறோம் என்பதும் அனுமதிக்கு ஈடாகாது. வேண்டுமென்றே பெயரை நீக்குவதற்கு 2012 திருத்தத்தில் 65பி என்று தனிப் பிரிவே வந்திருக்கிறது, 2 வருஷம் வரை சிறை. திருட்டுத்தனமாகப் பயன்படுத்தியதற்குப் பிரிவு 63: 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

இன்ஸ்டாகிராமில் காப்பிரைட் புகார்ப் படிவம் உண்டு, அதில் உங்கள் பதிவின் லிங்கையும் அவர்கள் லிங்கையும் கொடுங்கள். முறையான எழுத்துப் புகார் வந்து, அதில் நியாயம் இருப்பதாகப் பட்டால், இடைத்தளம், அதாவது இன்ஸ்டாகிராம் மாதிரி பிறர் போடுவதை வைத்திருக்கும் தளம், 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும் என்பது 2013 பதிப்புரிமை விதி. ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு வராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். அதனால் புகாரோடு விட்டுவிடாமல் கம்பெனிக்கு நோட்டீஸும் போக வேண்டும். வழக்கு என்று வந்தால் கம்பெனி இருக்கும் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று பிரிவு 62 சொல்கிறது. நம் நாகர்கோவில் மாவட்டக் கோர்ட்டே போதும்.

அப்பா விஷயம் இதிலிருந்து தனி. படம் உங்களுடையது, முகம் அவருடையது. நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் தொடுத்த ராஜகோபால் வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. அதனால் நோட்டீஸ் இரண்டாகப் போகட்டும், உங்கள் பெயரில் ஒன்று, அப்பா பெயரில் ஒன்று. என் கணிப்பில் அப்பாவுடையதுதான் அவர்களை அதிகம் பயமுறுத்தும், ஏனென்றால் 'எங்கள் மீனவர்' என்பது வாங்குகிறவரிடம் சொல்லும் பொய். அதை நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாராகச் சொல்லலாம்.

அதுவரை கம்பெனி பெயரைப் போட்டுத் திருடன் என்று பொதுவில் எழுதாதீர்கள். அவர்களுக்கு அவதூறு என்று பிடித்துக்கொள்ள இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

முட்டத்துக்காரி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கார்டைத் தேடினேன், வரிசை முழுக்க இருக்கிறது. ஒன்றில் அப்பா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முடிச்சை இறுக்குகிறார். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிட்டேன். அப்பா கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார். ஆனால் பணம் எதுவும் வேண்டாம், நான் அவங்களுக்கு மீன் பிடிக்கல்லண்ணு அவங்களே எழுதணும் என்கிறார். அப்படிக் கேட்கலாமா?

வடசேரி வக்கீல்:

தாராளமாகக் கேட்கலாம். படத்தை எடுப்பது, அந்த விளக்கத்தை அதே வெப்சைட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் குறிப்பிட்ட நாள் வரை வைத்திருப்பது, இரண்டையும் நோட்டீஸிலேயே எழுதிவிடுவோம். அப்பா வேண்டாம் என்றாலும் உங்கள் நோட்டீஸில் நஷ்ட ஈடு கேளுங்கள், அது உங்கள் உழைப்புக்கு. அவர்கள் சமாதானத்துக்கு வந்து பணம் கொடுத்தால், இதுவரை பயன்படுத்தியதற்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அதையே இனிமேலும் பயன்படுத்த அனுமதி என்று காட்டுவார்கள். கார்டை ஃபார்மேட் பண்ணாமல் அப்படியே எடுத்து வையுங்கள். கோர்ட்டுக்குப் போனால், புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63படி ஃபைல்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். அதை நாம் சேர்ந்து தயார் செய்யலாம்.