தன்னெடையும் தடைக்கட்டும்: சுரங்கத் தொட்டிவண்டிக்கான சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சுரங்கத்தினுள் தண்டவாளத்தின் மேல் கனிமம் ஏற்றிச் செல்லும் இரும்புப் பெட்டிவண்டிக்கும் அதன் உறுப்புகளுக்கும் சொல் தேடும் இந்த உரையாடல் இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். வண்டிக்குத் 'தொட்டிவண்டி' என்ற பெயர் பெரும்பாலோர்க்கு உடன்பாடாகிவிட்டது. நம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் வழங்கும் 'டப்' என்ற சொல்லுக்கும் தொட்டி என்பதே பொருளாதலால், சுரங்கத்தில் வேலை செய்தவர் காதிலும் அது அயலாக ஒலிக்காது. சட்டகத்துக்கு மாட்டுவண்டியிலிருந்து 'பார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று கோவை நண்பர் எழுதியதையும் முழுமனத்தோடு ஏற்கிறேன். இவற்றில் மேலும் பேச ஒன்றுமில்லை. வண்டியின் சொந்த எடைக்கு என்ன சொல் என்பதில்தான் இழை சிக்கிக்கொண்டிருக்கிறது.

> வெற்றெடை என்றால் எல்லாருக்கும் புரியும். அதற்கு மேல் ஏன் தேட வேண்டும்?

> தன்னெடை என்ற சொல் கட்டடப் பொறியியலில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே கொள்ளலாம்.

இவ்விரு கருத்துகளும் நாம் பெயரிட வேண்டிய பொருள் ஒன்றே என்று கொண்டு எழுதப்பட்டவை. என் பட்டறிவில் அவை இரண்டு பொருள்கள். அவற்றுக்கு ஒரே சொல்லை இட்டால் கணக்குத் தவறும், கூலியும் தவறும். இதை நான் ஒரு செங்கல் சூளையில் கற்றுக்கொண்டேன்.

ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன், திருப்புவனத்துக்கு அருகே உள்ள ஒரு சூளைக்கு, கண்மாய் மண்ணைக் குழைக்கும் இடம் வரை கொண்டு செல்ல, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஓடும் கவிழ்ப்புத் தொட்டிவண்டிகள் நான்கை எங்கள் பட்டறையில் செய்து கொடுத்தோம். வரைபடத்தில் தகடு, பார், அச்சு, சக்கரம், கொக்கி என்று ஒவ்வொன்றாகக் கூட்டி ஒரு வண்டியின் எடை 180 கிலோ என்று நான் கணக்கிட்டேன். செய்து முடித்தபின் நிறுத்துப் பார்த்ததிலும் அதே அளவுதான் வந்தது. மண் வெட்டி ஏற்றுவோருக்கு எடைப்படி கூலி. நிறைவண்டியை நிறுத்து, அதிலிருந்து 180 கழித்து, மீதிக்குக் கூலி கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் மண் களியாகிவிட்டபின், கவிழ்த்த வண்டியை ஒருநாள் தற்செயலாக எடைமேடையில் ஏற்றியபோது முள் 203இல் நின்றது. குனிந்து பார்த்தால், பெட்டியின் அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலை நெடுகிலும் களிமண் கைப்பிடி கனத்துக்கு அப்பி, மேல்பரப்பு காய்ந்து வெடித்து, பெட்டியோடு பெட்டியாக நின்றிருந்தது. வண்டியை விட்டு இறங்காத அந்த 23 கிலோ மண்ணுக்கு நடைதோறும் கூலி போய்க்கொண்டிருந்தது.

அந்த வண்டியின் தன்னெடை 180 கிலோதான், அது மாறவில்லை. ஆனால் நிறுக்கும்போது கழிக்க வேண்டியிருந்தது 203 கிலோ. முன்னது வரைபடத்தில் பிறக்கும் எண். பின்னது அன்றன்று எடைமேடையில் கிடைக்கும் எண். வெற்றெடை என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தாது, ஏனெனில் ஈரக் கனிமம் ஏற்றும் வண்டி ஒருமுறை ஓடிய பிறகு வெற்றாக இருப்பதே அரிது. சுரங்கத்திலும் இதே கதைதான். ஈரமான பொடிக்கனிமம் அடியில் ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டுகிறது, கொள்ளளவையும் குறைக்கிறது.

ஆகவே, வடிவமைப்பாளர் கணக்கிடும் எடைக்குத் 'தன்னெடை' என்று வைத்துக்கொள்வோம். நிறுவையில் கழிக்கும் எடைக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. சிறு வயதில் என் அப்பத்தாவோடு கீழமாசி வீதிக்கு எண்ணெய் வாங்கப் போயிருக்கிறேன். பித்தளைத் தூக்குவாளியைத் தராசின் ஒரு தட்டில் வைத்ததும், கடைக்காரர் மறுதட்டில் ஒரு கூழாங்கல்லை வைப்பார். போதாவிட்டால் துருப்பிடித்த மரைகள் இரண்டு. அதற்கும் மேல் நுணுக்கம் வேண்டியிருந்தால் புளியங்கொட்டை நாலைந்து. முள் நேராக நின்றபின் அப்பத்தா ஒருமுறை குனிந்து பார்த்து, "தடை கட்டியாச்சா?" என்று கேட்பார். அதன் பிறகுதான் எடைக்கல் தட்டுக்கு வரும். கலத்தின் எடையைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு இதைவிடத் துல்லியமான சொல்லை நாம் புதிதாகச் செய்ய முடியுமா? 'தடைக்கட்டு' என்று பெயராக்கிக்கொண்டால் போதும். 'இந்த வண்டிக்குத் தடைக்கட்டு 203 கிலோ. மழைக்காலத்தில் நாள்தோறும் தடைக்கட்டு எடுக்க வேண்டும்' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

மின்தடை, உருளல் தடை, தடைக்கட்டை (பிரேக் கட்டை) என்று தடை ஏற்கெனவே பல இடங்களில் புழங்குவதால் குழப்பம் வரும் என்று சென்னை அம்மையார் சுட்டியது சரியான கவலை. அதனால்தான் வெறும் 'தடை' என்றோ 'தடையெடை' என்றோ நான் சொல்லவில்லை. உருளல் தடை வண்டியின் ஓட்டத்தை எதிர்ப்பது. தடைக்கட்டு தராசைச் சமன் செய்வது. 'கட்டு' என்ற பின்னொட்டு அந்த வேறுபாட்டைக் காக்கும். ஓடும் வண்டியை நிற்கச் செய்யும் கருவியை 'நிறுத்தி' என்றே எழுதிவிட்டால் தடைக்கட்டை என்ற சொல்லுக்கு நம் பட்டியலில் வேலையே இல்லை.

இது சொல்லாசையால் எழும் பேச்சன்று. பிரித்தானியாவில் நிலக்கரி வெட்டியவர்களுக்குத் தொட்டியில் வந்த நிலக்கரியின் எடையைக் கொண்டு கூலி கொடுக்கப்பட்டது. நிறுவையை நம்ப முடியாமல் தொழிலாளர் பல காலம் போராடியபின், 1860ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், எடையைச் சரிபார்க்கத் தங்களில் ஒருவரை அமர்த்திக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கு அளித்தது. எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது அங்கே ஒரு குடும்பத்தின் சோற்றுக் கணக்கு. அந்த எண்ணுக்குத் தெளிவான பெயர் வேண்டாமா?

அடுத்து, இழையில் யாரும் தொடாத ஒரு சொல். ஒரு வண்டி தன் எடையைப் போல் எத்தனை பங்கு சுமையைத் தாங்கும் என்பதே தொட்டிவண்டி வடிவமைப்பின் உயிர்நாடி. இதற்குச் 'சுமைமடங்கு' என்று பெயரிடப் பரிந்துரைக்கிறேன். 1,000 கிலோ வண்டி 2,000 கிலோ ஏற்றினால் சுமைமடங்கு 2. தண்டவாளமும் அச்சும் தாங்கும் மொத்த எடையான 3,000 கிலோவை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் 750 கிலோவாகக் குறைத்தால், சுமை 2,250 கிலோவாகிச் சுமைமடங்கு 3 ஆகிறது. ஒரு முறைவேலையில் (ஷிப்டில்) 600 டன் வெளிவர வேண்டும் என்றால், முதல் வண்டிக்கு 300 நடை, இரண்டாவதற்கு 267 நடை. ஏறிய சுமை ஒன்றே. ஆனால் வெறுமனே திரும்ப இழுக்கும் இரும்பு 300 டன்னிலிருந்து 200 டன்னாகக் குறைகிறது. இந்த 100 டன் யாருக்கும் பயன்படாமல் முறைவேலைதோறும் உள்ளே போய் வந்துகொண்டிருந்த எடை.

நம் ரயில் பெட்டிகளிலும் இதைக் காணலாம். மதுரை சந்திப்பில் நிற்கும் திறந்த சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் அவற்றின் எடையை வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பார்கள். பாக்ஸ்என் வகைப் பெட்டி ஏறத்தாழ 22.5 டன் எடையில் 58.8 டன் ஏற்றும், சுமைமடங்கு 2.6. துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்திப் பின்னர் வந்த பாக்ஸ்என்எச்எல் வகை ஏறத்தாழ 20.6 டன் எடையில் 71 டன் அளவுக்கு ஏற்றும், சுமைமடங்கு 3.4. இந்த உயர்வில் அச்சுச்சுமை (ஓர் அச்சின் மேல் விழும் எடை) வரம்பைக் கூட்டியதற்கும் பங்கு உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, தொட்டிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இழையில் வரும் 'எடைகுறைந்த, வலிய' என்ற தொடரில் உள்ள 'வலிய' என்ற சொல்லுக்கு வருகிறேன். இழையில் வலிமை, உறுதி, விறைப்பு, திண்மை ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதப்பட்டிருக்கின்றன. கவிதையில் அது அழகு. பொறியியலில் அது விபத்து. அந்தச் சூளை வண்டியிலேயே எனக்கு இதுவும் விளங்கியது. எடையைக் குறைக்கும் ஆசையில் 5 மி.மீ. தகட்டுக்குப் பதிலாகத் தரம் உயர்ந்த எஃகில் 3 மி.மீ. தகட்டைப் போட்டேன். இழுவிசைக் கணக்கில் அது போதுமானதுதான். ஒரு மாதத்தில் பக்கத்தகடுகள் வயிறு வைத்துவிட்டன. எங்கும் கிழியவில்லை, வெல்டிங் விடவில்லை. ஆனால் அடுத்த வண்டியோடு உரசும் அளவுக்குப் புடைத்து நின்றன. வெல்டிங் செய்த தம்பி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நெளி போட்டிருந்தா நின்னுருக்கும் சார்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. வலிமை என்பது கிழியாமல், நிலையாக மடங்காமல் தாங்குவது. எஃகின் தரத்தை உயர்த்தினால் அது உயரும். சாதாரணக் கட்டமைப்பு எஃகின் நெகிழ்வெல்லை (நிலையாக மடங்கத் தொடங்கும் தகைவு) 250 மெகாபாஸ்கல் என்றால், 1933இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து முதலில் நிலக்கரி ரயில்பெட்டிகளுக்குப் பயன்பட்ட கார்ட்டென் எஃகுக்கு அது 345 அளவில் இருக்கும். விறைப்பு என்பது சுமையின் கீழ் வளையாமல் நிற்பது; எஃகு எத்தரமானாலும் அதன் மீட்சிக்கெழு (உருமாற்றத்தை எதிர்க்கும் பொருளின் இயல்பளவு) 200 கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். தகட்டின் வளைவிறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 6 மி.மீ. தகட்டை 4.5 மி.மீ. ஆக்கினால் எடை கால்பங்கு குறையும், விறைப்போ 42 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். விலை கொடுத்து வாங்கிய வலிமை அந்த இழப்பை ஈடுசெய்யாது. வடிவந்தான் ஈடுசெய்யும். 15 கிலோ எண்ணெய்த் தகரத்தின் பக்கங்களில் அழுத்தியிருக்கும் வரிகளை விரலால் தடவிப் பார்த்திருப்பீர்கள். அவை இல்லாவிட்டால் அந்த மெல்லிய தகடு கையில் எடுத்ததும் ஒடுங்கிவிடும். கூரைக்குப் போடும் தகரத்தை நெளித்தகரம் என்றே ஊரில் சொல்கிறோம். எனவே இப்படி வரியிட்டு அழுத்திய தகட்டுக்கு 'நெளிதகடு' என்றும், அந்தச் செயலுக்கு 'நெளியூட்டல்' என்றும் எழுதலாம். 'அலைவரித்தகடு' என்ற முன்மொழிவு செவிக்கு இனிதாயினும், பட்டறையில் நிற்பவர் வாயில் வராது.

எடை குறைய வேண்டுமென்றால் அலுமினியத்துக்குப் போய்விடலாமே என்று இலங்கை நண்பர் கேட்டிருந்தார். அடர்த்தியில் எஃகு 7.85, அலுமினியம் 2.7 என்பது உண்மை. ஆனால் அதன் மீட்சிக்கெழு 70 கிகாபாஸ்கல், எஃகில் மூன்றில் ஒரு பங்கு. தகட்டைக் கனமாக்கியோ நெளியூட்டியோ அதைச் சமாளிக்கலாம். கூர்மையான கனிமக் கல் விழுந்து தேய்வதைச் சமாளிப்பது அதைவிடக் கடினம். இவற்றையெல்லாம் விடப் பெரிய இடர், துருப்பிடித்த இரும்பின் மேல் அலுமினியம் மோதும்போது துருவிலுள்ள ஆக்சிசனை அலுமினியம் பறித்துக்கொண்டு கடும் வெப்பப் பொறி பறப்பது. மீத்தேன் கசியும் நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தப் பொறி ஒன்று போதும். இதனால்தான் அத்தகைய சுரங்கங்களில் நிலத்தடியில் இலேசான உலோகக் கலவைகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. நம் பட்டியலில் 'மோதற்பொறி' என்ற சொல்லையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். கல்லில் இரும்பு உரசும் சாதாரணப் பொறியிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட, 'துருவெரிப் பொறி' என்று உட்பிரிவும் வைக்கலாம்.

கார்ட்டென் போன்ற எஃகுக்குத் 'துருக்காப்பு எஃகு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறான நம்பிக்கையைத் தரும். அதன் மேல் படியும் இறுகிய துருவடுக்கு, நனைந்து நனைந்து உலரும் இடத்தில்தான் உருவாகும். எப்போதும் ஈரம் சொட்டும் சுரங்கத்தில், அதிலும் கந்தகக் கனிமம் கரைந்து அமிலமான நீரில், அது சாதாரண எஃகைப் போலவே அரிக்கப்படும். 'துருப்போர்வை எஃகு' என்றால் நடப்பதை மட்டும் சொல்லும், உறுதிமொழி எதையும் தராது.

சூளை வண்டிகளை மறுபடி செய்தபோது, பக்கத்தகடுகளில் செங்குத்தாக நெளியூட்டினோம். அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலையை மட்டமாக வெல்டிங் செய்யாமல் ஒரே தகட்டை உருட்டி வளைத்தோம். ஒரு வெல்டிங் கோடு மிச்சமானது, மூலை விறைத்தது, மண் அப்புவதும் பெருமளவு நின்றது. வண்டிக்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று நான்கு முறை தடைக்கட்டு எடுத்துப் பார்த்தோம், 190ஐத் தாண்டவில்லை. அடியில் ஒட்டி நின்றுவிடும் அந்த மண்ணுக்கு எங்கள் பட்டறையில் 'அடியொட்டு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். வண்டல், கசடு என்ற சொற்கள் நீரில் படிவதைக் குறிப்பதால், சுரங்க வண்டிக்கும் அடியொட்டு என்பதே பொருந்தும் என்று எண்ணுகிறேன். தன்னெடையோடு அடியொட்டைக் கூட்டினால் தடைக்கட்டு என்று வரையறையை ஒரே வரியில் எழுதிவிடலாம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் இந்த மூன்று சொற்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுதுங்கள்; ஒன்றை மட்டும் தனியே மாற்றினால் மற்ற இரண்டும் நிலைகுலையும்.