இந்தக் கல்லில் இருக்கும் இரண்டு விலங்குகள் எவை?

மாட்டுங்கா வாசகி:
என் அப்பா மும்பை கோட்டைப் பகுதியில் ஒரு பார்சி வணிகரிடம் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதினார். ஓய்வு பெற்ற அன்று அவர்கள் கொடுத்த வெளிர்பச்சைக் கல் ஒன்று, ரசீதுகள் பறக்காமலிருக்க அவர் மேசையிலேயே கிடந்தது. என் நடுவிரல் நீளம். ஒரு முனை வளைந்து பெரிய விலங்கின் தலையாகிறது. முதுகில் பல்லி போன்ற குட்டி ஒன்று நெளிந்து ஏறி, அந்தத் தலையை நேருக்கு நேர் பார்க்கிறது. அடியில் காளான் போல ஒரு குமிழ். அப்பா போன மாதம் காலமானார். சோர் பஜாரில் விசாரித்தேன். ஒருவர் கையில் வாங்கிப் பார்க்காமலேயே கண்ணாடி என்று சொல்லிவிட்டார். விற்கும் எண்ணம் இல்லை. இது என்னவென்று தெரியாமல் பெட்டியில் வைத்துப் பூட்டத்தான் மனம் வரவில்லை.

கல் வியாபாரி, ஜவேரி பஜார்:
அம்மா, அது சீன இடைவார்க் கொக்கி. குமிழை வாரின் ஒரு முனையில் செருகி, வளைந்த தலையை மறுமுனையில் மாட்டுவார்கள். கண்ணாடியா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். நகைத் தராசில் முதலில் எடை போடுங்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கொக்கியை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால், சாதாரணக் கண்ணாடிக்கு 2.5 அளவில் வரும். நெஃப்ரைட் என்னும் ஜேட் கல்லுக்கு 2.9 முதல் 3.1 வரை. கத்தியால் கீறிப் பார்க்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

டெல்லி, கரோல் பாக்:
பெரிய தலை டிராகன். குட்டி, கொம்பில்லாத டிராகன். சீனர்கள் 'சி' என்பார்கள். கி.மு. 5 முதல் 3ஆம் நூற்றாண்டு வரையிலான சீனாவின் 'போரிடும் அரசுகள்' காலத்திலேயே இக்கொக்கிகள் புழங்கின. பின்னால் வந்த மிங், சிங் அரச மரபுகளின் காலங்களில் பழமையின் மேல் கொண்ட பற்றினால் ஜேடில் நிறையச் செய்தார்கள். இன்றைய பிரதிகளும் ஏராளம் என்பதால் படத்தை மட்டும் பார்த்து வயது சொல்லக் கூடாது. குட்டியின் வயிற்றுக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஜேடை உளியால் செதுக்க முடியாது. கடினமான மணலைத் தடவித் தேய்த்தே குடைய வேண்டும். கை எட்டாத அந்த இடத்தில்தான் வேலைக்காரரின் பொறுமை தெரியும். பார்சிகள் 18ஆம் நூற்றாண்டு முதலே சீனத் துறைமுகமான காண்டனோடு வணிகம் செய்தவர்கள், ஆகவே அவர்கள் வீட்டில் இது இருந்ததில் வியப்பில்லை. இந்த அமைப்புக்குச் சீனர்கள் வைத்த பெயர், 'முதிய டிராகன் பிள்ளைக்குக் கற்பிக்கிறது'.

மாட்டுங்கா வாசகி:
எடை 62 கிராம். நீரில் 21. வகுத்தால் 2.95. கண்ணாடி இல்லை, ஐயா!

பெயரைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. எனக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்ததும் அந்த மேசையில்தான். லென்ஸில் பார்த்தேன்: குட்டியின் வயிற்றுக்கு அடியில் நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி, உள்ளேயும் வழவழப்பு. கொக்கியைப் பூட்டவில்லை. ரசீதுகளின் மேலேயே திரும்ப வைத்துவிட்டேன்.