பழைய டிராவலர் வீட்டு வண்டிக்கு எந்த ரேடியேட்டர்? தொப்பூர் ஏற்றத்தில் கொதிக்கிறது

பர்கூர் மாந்தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. என்னிடம் 1993 மாடல் டெம்போ டிராவலர் ஒன்று இருக்கிறது. கம்பெனிக்கு இன்னும் பஜாஜ் டெம்போ என்று பேர் இருந்த காலத்து வண்டி. பென்ஸ் வழி வந்த ஓஎம்616 டீசல் இன்ஜின், 2.4 லிட்டர், நாலு சிலிண்டர். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஸ்டவ் மேடை, அலமாரி, தரைக்கு அடியில் தண்ணீர் டேங்க் என்று உள்ளே ஒரு வீடே கட்டியிருக்கிறார். எல்லாம் தேக்குப் பலகை. மாங்காய் சீசன் முடிந்து தோப்பு ஓய்ந்ததும் நானும் வீட்டுக்காரம்மாவும் இதில் கிளம்பிவிடுவோம். வண்டியை விற்கவோ இன்ஜின் மாற்றவோ எண்ணமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை சூடு. சமதளத்தில் முள் நடுவில் நிற்கிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் பாதி ஏறுவதற்குள் சிவப்புக்குப் போய்விடுகிறது. வெயில் நேரத்தில் சூளகிரி பக்கம் ஓசூர் ஏற்றத்திலும் இதே கதை. ஓரங்கட்டி ஆறவிட்டுப் பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும். இருப்பது பித்தளை டேங்க் வைத்த பழைய செம்பு ரேடியேட்டர். டேங்கும், நடுவில் தண்ணீரை ஆற்றும் கோரும் சேரும் இடத்தில் ஒரு மூலையில் பச்சை பூத்திருக்கிறது. ஏற்கெனவே ஈயம் வைத்து அடைத்த தடமும் தெரிகிறது.

விசாரித்த வரையில் மூன்று வழி தெரிகிறது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் பிளாஸ்டிக் டேங்க் வைத்த புது அலுமினிய ரேடியேட்டர் காட்டினார்கள். அது வேறு வண்டிக்கு வருவது, பிராக்கெட் அடித்தால் உட்கார்ந்துகொள்ளும் என்கிறார்கள். சேலத்தில் ஒரு பட்டறையில் என் டேங்கையே வைத்துப் புதுச் செம்புக் கோர் போட்டுத் தருவார்களாம், ஆனால் அலுமினியத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். மூன்றாவது, சென்னை புதுப்பேட்டையில் பழைய டிராவலரில் கழற்றிய ரேடியேட்டர். கோர் போடுவதென்றால் டியூப் ஒரு வரிசை கூடுதலாகப் போட்டுவிடுங்கள், சூடே ஏறாது என்று ஒரு நண்பர் சொல்கிறார். எதில் பணம் போடலாம்? வயதான வண்டி வைத்து ஓட்டுபவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர் ஷாப் ஃப்ளோர்:

அண்ணா, புதுப்பேட்டை யோசனையை விட்டுவிடுங்கள். அதுவும் உங்களுடையதைப் போலவே வயதானது, உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனால் அலுமினியம் என்றதும் ஒதுக்க வேண்டாம். செம்பு அதைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும், உண்மைதான். ஆனால் பழைய மாதிரி ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் டியூப் பித்தளை, அதையும் காற்றுப் படும் மெல்லிய தகடான ஃபின்னையும் சேர்ப்பது ஈயப் பற்று. பித்தளையும் ஈயமும் செம்பு அளவுக்குச் சூடு கடத்தாது. அலுமினியத்தில் டியூபை அகலமாகச் செய்து, எல்லாவற்றையும் உலையில் ஒன்றாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். எடையும் நன்றாகக் குறையும். இன்று புதிதாக வரும் கார், வேன் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது.

தருமபுரி ஈயப்பற்று:

மாந்தோப்பு அண்ணா, தருமபுரியில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். லாரி, டிராக்டர், போர்வெல் வண்டி, பள்ளிக்கூட பஸ் என்று இந்த ரோட்டில் கொதித்து நின்றது எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது. பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருவர் கேட்கும்போது இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வராது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓசூர் தம்பி சொன்ன கணக்கு சரி. அந்த வண்டிக்கென்றே செய்த நல்ல அலுமினிய ரேடியேட்டர் நன்றாகவே வேலை செய்யும். உங்களுக்குக் காட்டியது வேறு வண்டியுடையது, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஹோஸ் வாயின் அளவு மாறும், ஃபேனுக்கு நேராகக் கோர் வராது, ஃபேனைச் சுற்றி வரும் கூடு, அதான் ஷ்ரவுட், பொருந்தாது. பிராக்கெட் அடித்து இறுக்கிய ரேடியேட்டர் ரப்பர் புஷ் இல்லாமல் சேஸிஸோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அப்புறம் பிளாஸ்டிக் டேங்க். அது அலுமினியத்தோடு சேரும் இடம் ரப்பர் கேஸ்கெட் வைத்து மடித்து நெருக்கியது, அங்கே விட்டால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் வீட்டோடு பயணம் போகிறவர். பித்தளை டேங்க் என்றால் அரூரிலோ அஞ்செட்டியிலோ கூட யாராவது ஒருவர் அடுப்பு மூட்டி ஈயம் வைத்து அனுப்பிவிடுவார். அதனால் என் ஓட்டு உங்கள் டேங்கிலேயே புதுச் செம்புக் கோருக்குத்தான்.

ஆனால் காசு கொடுக்கும் முன் கோர்தான் கெட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். டியூப் வாய்களில் வெள்ளையாகப் பொருக்கு தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. நம் மாவட்டத்தில் வெந்நீர்ப் போசியின் அடியில் படிகிற அதே உப்புதான். போர் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து சூடுபட்டதும் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குடிக்கக் கொண்டுவந்தார்கள் அல்லவா, 2013இல். ரேடியேட்டரைக் கெடுப்பது ஃப்ளோரைடு இல்லை, இந்தச் சுண்ணாம்புதான். ஆனாலும் அந்தத் தண்ணீர் ஊருக்கு வந்த பிறகும் வண்டிக்கு மட்டும் போர் குழாயில் பிடித்து ஊற்றுகிற வழக்கம் மாறவில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்து, இன்ஜினை நன்றாகச் சூடேற்றி ஓடவிட்டு, டெம்பரேச்சர் கன் வைத்துக் கோர் முழுக்க அளந்து பாருங்கள். கொரோனா நேரத்தில் நெற்றியில் காட்டினார்களே அது உதவாது, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கன் வேண்டும். நடுநடுவே திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே டியூப் அடைத்திருக்கிறது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். இன்ஜின் கொதிக்கிற நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு என்றால் காற்று சரியாகப் போகவில்லை என்று அர்த்தம், ஃபின்னையும் ஃபேனையும் பார்க்க வேண்டும். வித்தியாசம் மிக அதிகம் என்றால் தண்ணீர் ஓட்டம் இல்லை. கோர், வாட்டர் பம்ப், சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட், மூன்றில் ஒன்று.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். இன்ஜின் ஆறி இருக்கும்போதே மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து வாயில் குமிழி வருகிறதா பாருங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகப் புகை தண்ணீருக்குள் வருகிறது. அந்த நிலையில் எந்த ரேடியேட்டர் போட்டாலும் வீண்.

கூடுதல் வரிசை பற்றி. முன் வரிசையைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிடுகிறது, பின்னால் இருக்கும் வரிசைக்குக் கிடைக்கும் பலன் குறைவு. கோர் தடிமனானால் காற்று நுழைவதும் சிரமம். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுப்பதுதான் காற்று. இன்னும் நெருக்கமாக ஃபின் வைத்துவிட்டால் பர்கூர் பக்கத்து கிரானைட் தூசியும் தோப்புக் குப்பையும் ஒரே சீசனில் அடைத்துவிடும். கம்பெனி கொடுத்த அதே வரிசை, அதே ஃபின் இடைவெளி போதும்.

பர்கூர் மாந்தோப்பு:

ரொம்ப நன்றிங்க. சொன்னபடியே பார்த்துவிட்டேன். குமிழி இல்லை, ஆயிலும் சுத்தமாக இருக்கிறது. டியூப் வாய்களில் பொருக்கு அப்பிக்கிடக்கிறது, சில டியூபில் துவாரமே தெரியவில்லை. முன்பு வைத்திருந்தவர் வண்டியைக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோட்டத்தில் நிறுத்தியிருந்தார், அங்கே போர் தண்ணீர்தான். மேல் ஹோஸ் 98 டிகிரி, கீழ் ஹோஸ் 61. கோரின் ஓட்டுநர் பக்க மூலை தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மெக்கானிக் ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்தார், தெர்மோஸ்டாட்டே இல்லை, யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். இல்லாமல் ஓடுவது இன்னும் குளிர்ச்சிதானே என்கிறார். ஷ்ரவுடில் கீழ்ப் பாதியும் காணோம்.

சேலம் பட்டறைக்கே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அவர்களிடம் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

தருமபுரி ஈயப்பற்று:

அண்ணா, அளந்து எழுதியது அருமை. 98க்கும் 61க்கும் நடுவே இருக்கிற தூரமே சொல்லிவிடுகிறது, தண்ணீர் கோருக்குள் போதுமான அளவு ஓடவில்லை. குளிர்ந்த மூலை அடைப்பு. அதோடு தெர்மோஸ்டாட் இல்லாததும் சேர்ந்திருக்கிறது.

தெர்மோஸ்டாட்டை எடுத்தால் குளிர்ச்சி என்பது எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. உங்கள் இன்ஜினில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு பைபாஸ் வழி இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு அந்தப் பைபாஸை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிவிடும். அடித்தட்டு உள்ள சரியான தெர்மோஸ்டாட் வாங்குங்கள். மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் போட்டுக் காய்ச்சுங்கள். மேலே பொறித்திருக்கும் டிகிரி வரும்போது திறக்கத் தொடங்க வேண்டும்.

பட்டறையில், பெயின்ட் அடிப்பதற்கு முன் நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். செம்பு நிறத்தில் இருக்கும்போதுதான் ஈயம் எங்கே ஓடியிருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நான் எந்த வேலையையும் அப்படித்தான் ஒப்படைப்பேன். வாய்களை அடைத்துக் காற்று ஏற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள், தண்ணீருக்குள் இருக்கும்போதே சுற்றிலும் பாருங்கள், குமிழி வரும் இடம் ஒன்றும் இருக்கக் கூடாது. பெயின்ட் மெல்லிசாக ஒரு பூச்சு போதும், தடிமனாக அடித்தால் சூடு வெளியே போவதற்கு அது தடை. டேங்கில் பச்சை பூத்த மூலையை ஈயம் வைத்து மூடாமல் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பித்தளை மெலிந்திருந்தால் ஒட்டுத் தகடு போட வேண்டும். பழைய கோரை எடை போட்டுக் கூலியில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். செம்புக்கு நல்ல விலை உண்டு, கேட்காவிட்டால் யாரும் தானாகக் கழிக்க மாட்டார்கள்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும் அதே நேரத்தில் இன்ஜின் பிளாக்கைக் கழுவுங்கள். பக்கத்தில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் பைப் வைத்து ஓட விடவும். இதைச் செய்யாவிட்டால் பிளாக்கில் உதிர்ந்த பொருக்கு வந்து புதுக் கோரை அடைத்துவிடும். ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், அது ஈயப் பற்றைத் தின்னும்.

பிறகு பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும்தான். செம்பு, பித்தளைக்கு ஏற்றது என்று கேனில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நமக்குப் பனி கிடையாது, பாதிக்குப் பாதி கலக்க வேண்டியதில்லை. கூலண்ட் அதிகமானால் அது சூட்டைச் சுமப்பது தண்ணீரைவிடக் குறைவு. கேனில் சொல்லியிருக்கும் குறைந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். துருவையும் அரிப்பையும் தடுக்க அது போதும். வண்டியில் எப்போதும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் இருக்கட்டும், தரைக்கு அடியில் இருக்கும் குடிதண்ணீர் டேங்கில் இருந்து ஊற்ற வேண்டாம்.

சேலம் பழைய டீசல்:

ஷ்ரவுட் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழ்ப் பாதி இல்லாமல் ஃபேன், கோர் வழியாக இழுக்க வேண்டிய காற்றைப் பக்கவாட்டில் இருந்து இழுத்துக்கொள்ளும். தகரத்தில் ஒரு பாதி அடித்து வாங்கிவிடலாம். ஃபேன் இறக்கை பாதி ஷ்ரவுடுக்கு உள்ளே, பாதி வெளியே நிற்க வேண்டும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் நொந்திருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு ஷ்ரவுடைப் பொருத்துங்கள், இல்லையென்றால் குழியில் இறங்கும்போது இறக்கை தகரத்தில் உரசும். வேறு ஏதாவது கிரில்லுக்கு முன்னால் மாட்டியிருக்கிறார்களா? ஏசி கண்டென்சர், எக்ஸ்ட்ரா லைட், ஸ்டெப்னி?

பர்கூர் மாந்தோப்பு:

கண்டென்சர் இல்லைங்க. ஸ்டெப்னி முன்னால்தான் தொங்குகிறது, ரேடியேட்டரில் பாதியை மறைத்துக்கொண்டு. பின் கதவுக்கு மாற்ற வெல்டரிடம் சொல்லிவிட்டேன். மூடியும் பழசு, எத்தனை அழுத்தம் என்ற எழுத்து அழிந்துபோயிருக்கிறது. எது வாங்குவது?

தருமபுரி ஈயப்பற்று:

டிராவலருக்குக் கம்பெனி சொன்ன அளவுள்ள மூடியை மட்டும் கேட்டு வாங்குங்கள். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர் கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும், ரப்பர் தேய்ந்த மூடி என்றால் நூறிலேயே பொங்கிவிடும். அதற்காக அளவுக்கு மேல் அழுத்தம் உள்ள மூடியைப் போட்டால் பழைய டேங்கின் பற்று விட்டுவிடும். கீழ் ஹோஸையும் கையால் அழுத்திப் பாருங்கள். பம்ப் இழுக்கும் பக்கம் அது, தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். புதிது வாங்கும்போது உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கோர் வந்ததும் தொப்பூரில் மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறாமல் இரண்டாவதில் போடுங்கள், பம்பும் ஃபேனும் இன்ஜின் வேகத்தோடு சுற்றுபவை. ஏறி முடித்ததும் உடனே ஆஃப் செய்யாமல் சற்று நேரம் ஐட்லிங்கில் விடுங்கள். சேலத்தில் கொடுக்கும் முன் டேங்கைப் படம் எடுத்து இங்கே போட்டால் ஒட்டுத் தகடு தேவையா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.