பஞ்சு சாப்பிடாமல் படுத்த தீபாவளி ராத்திரி: உங்கள் முயலுக்கு இப்படி ஆனதுண்டா?

தாம்பரம்:

தீபாவளி முடிந்து ஆறு மாதம் ஆகிறது. அந்த ராத்திரி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் முயல் பஞ்சுவுக்கு மூன்று வயது, இரண்டு கிலோ இருப்பாள். சாயங்காலம் எதிர் வீட்டு மாடியில் சரவெடி ஆரம்பித்ததும் கட்டிலுக்கு அடியில் போனவள் வெளியே வரவே இல்லை. பயந்திருக்கிறாள், தானாக வருவாள் என்று விட்டுவிட்டோம். பதினோரு மணிக்குக் கொத்தமல்லித் தழையை மூக்கருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ட்ரேயில் மத்தியானம் போட்ட புழுக்கைதான் கிடந்தது, அதுவும் மிளகு அளவுக்குச் சிறுத்து, முடியில் கோத்த மாலை மாதிரி. குடல் அசைவு நின்றுவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை, நல்லவேளையாகப் போனை எடுத்தார். வயிறு கல் மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, மாவு மாதிரி அமுங்குகிறது என்றேன். தெர்மாமீட்டர் வைக்கச் சொன்னார், 98.4 காட்டியது. பக்கத்தில் இருந்த அம்மா "அப்பாடா, காய்ச்சல் இல்லை" என்றார். டாக்டர் ஒரு நொடி பேசவில்லை. அப்புறம், "முயலுக்கு 101க்கு மேல இருக்கணும்மா, அது குளிர்ந்துட்டு இருக்கு, முதல்ல சூடு கொடுங்க, சாப்பாடு அப்புறம்" என்றார். அந்த ஒரு நொடி அமைதிதான் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. காதைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ்.

வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி வாக்கில் 101 வந்தது. அதன் பிறகு டாக்டர் சொன்னபடி, அவள் தின்னும் புல் பெல்லட்டையே வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக ஒரு மில்லி, விழுங்கியதும் இன்னொரு மில்லி. நாலேகாலுக்கு ட்ரேயில் டக் டக்கென்று சத்தம். நான்கு புழுக்கை. அம்மா டார்ச் அடித்து எண்ணினார். காலையில் முதல் வேலையாக வேறொரு கிளினிக்கில் தோலுக்கடியில் சலைனும் வலிக்கு ஊசியும் போட்டுக்கொண்டு வந்தோம். சாயங்காலமே கவனித்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

திருச்சி:

எங்கள் சீனிக்கு இரண்டு தடவை வந்தது. ஃபேன் சத்தத்தையும் மீறிப் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். வயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்திப் படுக்கிறான், எழுகிறான், மறுபடி படுக்கிறான். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் சிமெத்திகோன் கேஸ் சொட்டு மருந்தும் கொஞ்சம் அன்னாசிச் சாறும் கொடுத்து வயிற்றைத் தடவிவிட்டேன், விடிவதற்குள் சரியாகிவிட்டது. இரண்டாவது தடவையும் அதே வைத்தியம்தான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடும் பயத்திலேயே பாதி முயல் செத்துவிடும் என்பது என் எண்ணம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மதுரை:

திருச்சிக்காரரே, கோபப்படாதீர்கள், ஆனால் இதை அப்படியே விட முடியாது. முயல் நக்கி விழுங்கும் முடியை அன்னாசிச் சாறு கரைக்கும் என்று நானும் நம்பியவள்தான். அது முடியைக் கரைக்காது. அதிலிருக்கும் சர்க்கரை குடலில் கெட்ட கிருமிக்குத் தீனி ஆகிறது. முடி உருண்டையால் குடல் நிற்பதும் அபூர்வம். பெரும்பாலும் குடல் நின்று தண்ணீர் வற்றுவதால்தான் உள்ளே இருக்கிற முடி உருண்டையாக இறுகுகிறது.

என் மிட்டாய்க்கு வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருந்தது. சாப்பிடவில்லையே என்ற பதற்றத்தில் சிரிஞ்சில் இருபது மில்லி புகட்டினேன். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, போனது திரும்பி வராது. உள்ளே அடைப்பு. அடைத்த குழாயில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி செய்திருக்கிறேன். ஆட்டோவில் போகும்போது என் கையில் ஒரு தடவை உதைத்துவிட்டு அடங்கிப்போனான். தாம்பரம் தங்கச்சியின் டாக்டர் முதலில் வயிற்றைக் கேட்டார் பாருங்கள், எனக்கு அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. வயிறு விறைத்திருந்தால் எதையும் புகட்டாதீர்கள், தடவி அமுக்காதீர்கள், எந்த நேரமானாலும் கிளம்புங்கள்.

கொடைக்கானல் பக்கம்:

என் கதை சின்னது. ஒரு நாள் முட்டைக்கோஸ் கழிவு நிறையப் போட்டோம், மறுநாள் மூன்று முயல் வயிறு ஊதிக் கிடந்தது, இரண்டு பிழைத்தது.

ஆனால் இங்கே யாரும் தீனியைப் பற்றிப் பேசவில்லை, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. அப்பா மன்னவனூர் ஆராய்ச்சிப் பண்ணையில் முயல் வாங்கி வளர்த்தவர், எனக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுதான். முயலுக்குக் கேரட் சாப்பாடு கிடையாது, விரல் நுனி அளவு என்றைக்காவது. தினசரி தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும். திமோதி உலர்புல் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மருந்து அடிக்காத இடத்து அருகம்புல்லை நிழலில் உலர்த்திப் போடுங்கள், பூஞ்சை வாடை வந்தால் தூக்கி எறியுங்கள். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) வளரும் குட்டிக்குச் சரி, பெரிய முயலுக்குத் தினமும் வேண்டாம், சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீரில் கல் வரும். புதுக் கீரை எதுவானாலும் முதல் நாள் ஒரு இலை, பத்து நாளில் ஒரு கைப்பிடி. தண்ணீரை பாட்டிலில் நக்க விடாமல் கிண்ணத்தில் வையுங்கள், அதிகம் குடிக்கும். வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் எடை போடுங்கள். அடிக்கடி குடல் நின்றால் கடைவாய்ப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், பல் ஓரம் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழிக்கும், வலியில் புல்லை விட்டுவிடும், புல் போனால் குடல் நிற்கும். சிரிஞ்ச், தெர்மாமீட்டர், வெந்நீர் பை, புல் கூழ்ப்பொடி, ராத்திரி எடுக்கும் ஒரு டாக்டர் நம்பர், இவை வீட்டில் இருக்கட்டும்.

சேலம்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்று விட்டுப்போயிற்று. என் முயல் படுத்தது ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் முயலுக்கு வயிற்றுக் கோளாறு என்றதும் குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுத்தார்கள். நானும் கொடுத்துவிட்டேன். அது முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமியைக் கொன்றுவிடும் என்று திங்கட்கிழமை டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் தண்ணீராகப் பேதி. செவ்வாய் விடிகாலை போய்விட்டாள். பிங்க் நிற சிரப் பாட்டில் பாதி மருந்தோடு இன்னும் ஷெல்ஃபில் இருக்கிறது. எடுத்துப் போடக் கை வரவில்லை.

திருச்சி:

மதுரை அக்கா, சேலம் இரண்டையும் படித்தேன். அன்னாசிச் சாறு இனிமேல் இல்லை. சீனிக்கு வயிறு விறைக்கவில்லை, அதனால்தான் தப்பித்தான் போல. இரண்டு தடவை வந்தும் நான் ஒரு தடவைகூட டாக்டரிடம் காட்டவில்லை.

தாம்பரம்:

சேலம், மனசு கேட்கவில்லை. உங்கள் மேல் தப்பே இல்லை, கொடுக்கிறவர்களுக்கே தெரியாத விஷயம்.

கொடைக்கானல் அண்ணா, பல் விஷயம் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். பத்து நாளாகப் பஞ்சு புல்லை இழுத்து இழுத்துக் கீழே போடுகிறாள், பெல்லட்டை மட்டும் தின்கிறாள், தாடையும் ஈரமாக இருக்கிறது. வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை காத்திருக்கப் போவதில்லை. ஐந்தரைக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், கூடையில் ஈரத்துண்டு சுற்றிய ஐஸ் பாட்டில் வைத்தாயிற்று, கிளம்புகிறோம்.