டோ பார்: ஃபிக்ஸடா, டிடாச்சபிளா? ஒயரிங் நாமளே பண்ணலாமா?

புதுவண்டிக்காரன்:
வணக்கம் மக்களே. பழைய கேரவன் (கார் பின்னாடி கட்டி இழுக்கிற சக்கர வீடு) ஒன்னு வாங்கிட்டேன், ஃபுல் லோடு 1500 கிலோனு தகட்டுல அடிச்சிருக்கு. இழுக்கப்போறது என்னோட டீசல் எஸ்டேட் கார், அதுல டோ பார் (ட்ரெய்லரை மாட்டி இழுக்க கார் பின்னாடி வர்ற இரும்பு) கிடையாது, இனிமே தான் மாட்டணும். எங்க மாமா என்ன சொல்றார்னா ஃபிக்ஸட் பார் ஒன்னு வாங்கு, பின்னாடி லைட்டுக்குப் போற ஒயர்லயே தட்டி எடுத்து சாக்கெட்டுக்குக் குடுத்துடு, ஒரு ஞாயித்துக்கிழமை போதும்னு. ஒர்க்‌ஷாப்ல கேட்டா டிடாச்சபிள் (கழட்டி மாட்டற பார்), 13 பின் சாக்கெட், கம்ப்யூட்டர்ல கோடிங்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போகுது. யார் சொல்றது சரி?

பழைய ஸ்பேனர்:
மாமா சொல்றது சரி தம்பி. ஃபிக்ஸட் தான். டிடாச்சபிள்ல இருக்கிற ஸ்பிரிங், பூட்டு, சாவி எல்லாமே பின்னாடி தகராறு பண்றதுக்குன்னே வச்ச சாமான். ஃபிக்ஸட்ல கெட்டுப்போக என்ன இருக்கு? அதுலயும் ஃபிளாஞ்ச் பால் எடு, அதாவது பிளேட்ல போல்ட் போட்டு மாட்டற இரும்பு உருண்டை, அது மேல தான் ட்ரெய்லர் வந்து கவ்வும். 50 மி.மீ. பால் தேய்ஞ்சு 49க்கு வந்துட்டா தூக்கிப் போடணும், ஃபிளாஞ்ச்னா ரெண்டு போல்ட்டைக் கழட்டி பாலை மட்டும் மாத்திக்கலாம், ஸ்வான் நெக்னா வளைஞ்ச கழுத்தும் பாலும் ஒரே துண்டு, அந்தக் கழுத்தோட சேத்து மாத்தணும். நாலு வண்டிக்கு நானே தரையில படுத்து மாட்டிருக்கேன், நாலும் இன்னும் இழுத்துக்கிட்டு தான் இருக்கு.

மின்னல் ஒயர்:
ஸ்பேனர் அண்ணே, கேரவன்ல என்ன ஹெட் (பாலைக் கவ்வுற முன் பகுதி) இருக்குனு கேக்காமலே ஃபிளாஞ்ச் பால் எடுன்னு சொல்லிட்டீங்களே. ஆல்கோ கம்பெனியோடது மாதிரி ஸ்டெபிலைசர் (ஆட்டத்தை அடக்கற) ஹெட் இருந்துச்சுன்னா அது சைஸ்ல பெருசு, சாதாரண ஃபிளாஞ்ச் பால்ல மாட்டித் திருப்பும்போது பின்னாடி பிளேட்ல போய் இடிக்கும், கழுத்து நீளமான பால் தான் வேணும். ஸ்வான் நெக்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இன்னொன்னு, அந்த ஹெட் உள்ள இருக்கிற பேட் பாலை உராய்ஞ்சு பிடிக்கிறதால தான் கேரவன் ஆடாம வருது, அதனால பால்ல கிரீஸும் இருக்கக்கூடாது, புது பால் மேல பெயிண்ட் இருந்தா அதையும் தேய்ச்சு எடுத்துடணும்.

பழைய ஸ்பேனர்:
கிரீஸ் இல்லாத பாலா! சரி, ஸ்டெபிலைசருக்கு மட்டும் ஒத்துக்கிறேன், சாதா ஹெட்டுக்கு கிரீஸ் போட்டே ஆகணும். ஆனா ஃபிக்ஸட்ல இன்னொரு லாபம் இருக்கு, சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி எவனாவது வந்து முட்டினா அவன் ரேடியேட்டர் தான் போகும், நம்ம பம்பர்ல கீறல் கூட விழாது.

மின்னல் ஒயர்:
இதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. பம்பர் நசுங்கி வாங்க வேண்டிய அடியை அந்த இரும்புக் கம்பி நேரா சேஸிஸ் காலுக்கு (காரோட அடிச்சட்டத்துக்கு) கொண்டுபோய்ச் சேத்துடும். வெளியில கீறல் இருக்காது, உள்ள வளைஞ்சிருக்கும், லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா தான் தெரியும். அதோட ரிவர்ஸ் போட்டாலே சென்சார் கத்தும், டிக்கி திறக்கும்போது முழங்கால் கீழ எலும்புல வாங்குவீங்க பாருங்க ஒரு இடி, அன்னைக்கு என் ஞாபகம் வரும். நிறைய நாட்டுல டோ பால் நம்பர் பிளேட்டை மறைச்சா இழுக்காதப்ப கழட்டி வைக்கணும்னே சட்டம் இருக்கு.

தராசு:
ரெண்டு பேரும் பாலைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. கார் அந்தக் கேரவனை இழுக்கலாமா கூடாதானு யாருமே கேக்கலையே. புதுவண்டி ப்ரோ, கார் கதவு ஓரத்துலயோ பானெட்டுக்கு உள்ளயோ ஒரு தகடு இருக்கும், அதுல நாலு நம்பர் வரும்: காரோட மொத்த அனுமதி எடை, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை, முன் ஆக்சில், பின் ஆக்சில். அந்த ரெண்டாவது நம்பரைப் பாருங்க. சில கார்ல, அதுலயும் சில ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டியில, இழுக்கவே அனுமதி கிடையாது, பார் மட்டும் மார்க்கெட்ல கிடைக்கும், அது சைக்கிள் ரேக்குக்கு. நாலையும் போடுங்க, அப்புறம் பேசலாம்.

புதுவண்டிக்காரன்:
பாத்துட்டேன். மொத்தம் 2200, சேர்ந்த எடை 3600, பின் ஆக்சில் 1200. காரோட புக்ல பால் மேல வர்ற எடை 75 கிலோக்கு மேல கூடாதுன்னும் போட்டிருக்கு. காலியா நிக்கும்போது கார் 1620.

தராசு:
பாத்தீங்களா. 2200ம் 1500ம் கூட்டினா 3700. தகட்டுல 3600. அப்ப கார்ல முழு லோடு ஏத்திக்கிட்டு கேரவனும் முழு லோடா போக முடியாது, எங்கயாவது 100 கிலோ குறைக்கணும். அப்புறம் ட்ரெய்லர் எடை காரோட காலி எடையில 85 சதவீதத்துக்குள்ள இருந்தா புதுசா ஓட்டறவங்களுக்கு நிம்மதினு கேரவன்காரங்க மத்தியில ஒரு கைக்கணக்கு உண்டு. உங்களுக்கு அது 1377 கிலோ. சட்டம் இல்ல, ஆனா பக்கத்துல லாரி கடக்கும்போது வித்தியாசம் தெரியும்.

இப்ப பாருக்கு வருவோம். பார்ல டி வேல்யூ, எஸ் வேல்யூனு ரெண்டு அடிச்சிருப்பாங்க. டி வேல்யூங்கறது காருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல இழுவிசை எவ்வளவு வரலாம்ங்கறது. காரோட மொத்த எடையையும் ட்ரெய்லர் எடையையும் டன்ல போட்டுப் பெருக்கி, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து, 9.81ஆல பெருக்குங்க. 2.2ம் 1.5ம் போட்டா 8.75 கிலோநியூட்டன் வரும். பார்ல அதுக்கு மேல அடிச்சிருந்தா பிரச்சினை இல்ல. எஸ் வேல்யூ தான் பால் மேல செங்குத்தா உக்கார்ற எடை, நோஸ் வெயிட்.

பழைய ஸ்பேனர்:
நான் போட்ட பார்ல எஸ் 100னு இருக்கு, தம்பி வாங்கறதுலயும் அப்படித்தான் இருக்கும். அப்ப 100 வரைக்கும் வைக்கலாமே, இதுல என்ன குழப்பம்?

தராசு:
இல்லண்ணே. பார் 100 தாங்கும், கார் 75 தான் தாங்கும், கேரவனோட ஹெட்டுக்கும் தனியா ஒரு லிமிட் இருக்கும், எது கம்மியோ அது தான் கணக்கு. ஏன்னு பாருங்க. பால் பின் சக்கரத்துக்கு நேரா இல்ல, பின்னாடி துருத்திக்கிட்டு இருக்கு. ரெண்டு ஆக்சிலுக்கும் நடுவுல 2.7 மீட்டர், பின் ஆக்சில்ல இருந்து பால் 1.2 மீட்டர்னு வைங்க, பால் மேல 100 கிலோ வச்சா பின் ஆக்சில்ல ஏறுறது 144 கிலோ. மிச்சம் 44 எங்க இருந்து வந்துச்சு? முன் சக்கரத்துல இருந்து உருவினது. முன் சக்கரம் இழுக்கிற வண்டியா இருந்தா ஏத்தத்துல ஈரத்துல சும்மா சுத்தும், ஸ்டியரிங்கும் லேசாகும். டோ பாரோட இரும்பே இருபது கிலோக்கு மேல வரும், அதுவும் அதே பின் பக்கம் தான்.

இன்டர்நெட்ல அமெரிக்க வீடியோ பாத்துட்டு 10ல இருந்து 15 சதவீதம் நோஸ் வெயிட் வைக்காதீங்க, அது அவங்க ட்ரெய்லருக்கு. ஐரோப்பிய கேரவனுக்கு 5ல இருந்து 7 சதவீதம்னு சொல்வாங்க, 1500க்கு 75ல இருந்து 105. உங்க கார் அந்தக் கீழ் ஓரத்துலயே நிக்குது.

மின்னல் ஒயர்:
தராசு வந்தா கால்குலேட்டரை எடுக்காம போகமாட்டார் :) எடை சரி, நான் ஒயருக்கு வர்றேன். லைட் ஒயர்ல தட்டி எடுக்கறது பழைய வண்டிக்கு ஓகே. இப்ப வர்ற கார்ல பல்பு நல்லா இருக்கானு கம்ப்யூட்டர் அடிக்கடி சின்னச் சின்ன பல்ஸ் விட்டுப் பாக்கும், நடுவுல நீங்க கிளிப் போட்டுத் தட்டினா அது குழம்பிப்போய் டேஷ்போர்டுல எச்சரிக்கை வரும், கேரவன் லைட் மினுக் மினுக்குனு எரியும். அந்தக் காருக்குன்னே வர்ற டெடிகேட்டட் கிட் போட்டா ட்ரெய்லர் மாட்டிருக்குனு காருக்கே தெரியும். பின் சென்சார் தானா ஆஃப் ஆகும், காரோட பின் ஃபாக் லைட் அணைஞ்சு கேரவனோடது மட்டும் எரியும், இல்லன்னா அந்த வெளிச்சம் கேரவன் மூஞ்சியில பட்டு நமக்கே திரும்பும். ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சா பிரேக் புடிக்கிற வசதி காரில இருந்தா அதுவும் இப்பதான் வேலை செய்யும். இதுக்குத் தான் கோடிங்.

பழைய ஸ்பேனர்:
ஒயர்ல நேரா தட்டச் சொல்லி நான் எங்கப்பா சொன்னேன்? மாமா சொன்னதுல பாருக்கு தான் நான் ஆமா போட்டேன். பைபாஸ் ரிலேனு ஒரு பெட்டி இருக்கு, லைட் ஒயர்ல இருந்து சிக்னலை மட்டும் மோப்பம் புடிச்சுட்டு கரண்டை பேட்டரியில இருந்து தனியா எடுக்கும். நாலு வண்டிக்கும் அதான்.

மின்னல் ஒயர்:
சரி, உங்க நாலு வண்டியில கேரவன் எத்தனை? சாமான் ட்ரெய்லரா, கேரவனா?

பழைய ஸ்பேனர்:
...மூணு ட்ரெய்லர், ஒரு படகு.

மின்னல் ஒயர்:
அதான் பாஸ். ட்ரெய்லருக்கு லைட் எரிஞ்சா போதும். கேரவன்ல ஃப்ரிட்ஜ் இருக்கு, உள்ள ஒரு பேட்டரி இருக்கு. 13 பின் சாக்கெட்ல ஒன்பதாவது பின் எப்பவும் கரண்ட், பத்தாவது பின் இக்னிஷன் போட்டா தான் வரும், ஃப்ரிட்ஜ் அதுல ஓடும். மலிவு கிட்ல சாக்கெட் 13 ஓட்டையோட அழகா இருக்கும், உள்ள எட்டு பின்னுக்கு தான் ஒயர் வந்திருக்கும். நாள் முழுக்க ஓட்டிட்டுப் போய்த் திறந்தா பால் திரிஞ்சிருக்கும் (இது குடிக்கிற பால்). எனக்கே நடந்துச்சு, மாட்டிக் குடுத்தவர் அதெல்லாம் நீங்க கேக்கலையேன்னார். ஃப்ரிட்ஜ் மட்டுமே 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும், ஒல்லி ஒயர் போட்டா ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வோல்டேஜ் இறங்கிடும்.

பழைய ஸ்பேனர்:
சரிப்பா, ஒயரிங் விஷயத்துல தோத்துட்டேன், கேரவன்னா டெடிகேட்டட் 13 பின்னே போடட்டும். ஆனா இரும்பு மாட்டறதுக்கு ஒர்க்‌ஷாப் தான் போகணும்னு சொன்னா ஒத்துக்கமாட்டேன். தம்பி, பம்பரைக் கழட்டினா உள்ள ஒரு குறுக்குக் கம்பி இருக்கும், பல கார்ல அதை எடுத்துட்டு அந்த இடத்துல டோ பாரோட பீம் உக்காரும். சேஸிஸ் காலுக்குள்ள ஓட்டை ஏற்கனவே போட்டே வந்திருக்கும், புதுசா டிரில் பண்ணச் சொன்னா முதல்ல சந்தேகப்படு. பீம் ஒட்டற இடத்துல மெழுகு, அண்டர்சீல் இருந்தா சுரண்டி எடுத்துடு, அது மேலயே இறுக்கினா ஓட ஓட அது நசுங்கி போல்ட் லூஸ் ஆகும். எல்லா போல்ட்டையும் முதல்ல கையால ஏத்திவிடு, பார் நேரா வந்தப்புறம் டார்க் ரெஞ்ச் வச்சு பேப்பர்ல சொன்ன அளவுக்கு இறுக்கு. என் கைக்குத் தெரியும்னு நானும் ஒரு காலத்துல சொல்லிக்கிட்டு இருந்தேன். 1000 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப செக் பண்ணு. கடைசியா அளந்து பாரு, வண்டியில லோடு இருக்கும்போது பால் நடுப்பகுதி தரையில இருந்து 350ல இருந்து 420 மி.மீ.க்குள்ள நிக்கணும்.

மின்னல் ஒயர்:
இதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, நல்லாவே சொன்னீங்க. டிடாச்சபிள் போட்டா மட்டும் ஒன்னு, பிரேக்அவே கேபிளை (கேரவன் கழண்டு போனா அதோட பிரேக்கை இழுத்துப் போடற கம்பி) பால் கழுத்துல சுத்தி விடாதீங்க. கழுத்தே கழண்டு வந்துச்சுன்னா கேபிளும் அதோடயே போயிடும், கேரவன் பிரேக் விழாது. பார்ல தனியா வளையம் இருக்கும், அதுல மாட்டுங்க.

புதுவண்டிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து கேரவனை லெவல்ல நிறுத்தி ஹெட்டுக்குக் கீழ மரக்கட்டை வச்சு குளியலறை எடை மெஷின்ல நிறுத்தேன். 96 கிலோ! முன் பெட்டியில ரெண்டு கேஸ் சிலிண்டரும் வெளியில கட்டற கூடாரமும் இருந்துச்சு. கூடாரத்தை உள்ள கொண்டுபோய் ஆக்சிலுக்கு மேல வச்சேன், ஒரு சிலிண்டரை எடுத்துட்டேன், 73க்கு வந்துடுச்சு.

தராசு:
அருமை. கடைசி மூலைக்குத் தள்ளாம ஆக்சில் மேல வச்சீங்க பாருங்க, அது தான் சரி. பின்னாடி தள்ளினாலும் நோஸ் வெயிட் குறையும், ஆனா கேரவன் வால் ஆட்டும்.

புதுவண்டிக்காரன்:
ஹெட் ஸ்டெபிலைசர் தான், அதனால ஸ்வான் நெக், டிடாச்சபிள், 13 பின் டெடிகேட்டட் கிட். ஸ்பேனர் அண்ணன் மன்னிக்கணும். இரும்பு மாமாவும் நானும், கோடிங் ஒர்க்‌ஷாப்ல.

பழைய ஸ்பேனர்:
மன்னிக்கமாட்டேன். மாட்டாதப்ப பால் கழுத்து போய் உக்கார்ற ஓட்டைக்கு மூடி போட்டு வை, மண்ணு போனா பூட்டு ஜாம் ஆகும். ஒவ்வொரு தடவையும் மாட்டினப்புறம் சாவி வெளிய வருதானு பாரு, வரலைன்னா சரியா லாக் ஆகலைனு அர்த்தம். சாவியில ஒரு நம்பர் அடிச்சிருக்கும், இன்னைக்கே எழுதி வச்சுக்க.

புதுவண்டிக்காரன்:
எழுதிட்டேன் அண்ணே. பார் நேத்து பெட்டியில வந்துச்சு, ரெண்டு சாவியில ஒன்னை இப்பவே காணோம்.