மறு: 'குவா ஷா'வுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கயல் (பினாங்கு), திங்கள்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு சீன மருத்துவ நிலையத்துக்கு நான்கு மொழியில் நோயாளிக் கையேடு போடுகிறார்கள். தமிழ்ப் பக்கம் என் தலையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்து 'குவா ஷா' ஒன்றில் நிற்கிறேன்.

பார்த்திராதவர்களுக்கு: கழுத்திலோ முதுகிலோ எண்ணெய் தடவி, எருமைக் கொம்புத் தகடு, பச்சைக்கல், பீங்கான் சூப்புக் கரண்டி என்று மழுங்கிய விளிம்புள்ள ஒன்றால் ஒரே திசையில் திரும்பத் திரும்ப இழுப்பார்கள். தோல் கிழியாது. ஆனால் சிவந்து, பொடிப் பொடியாகப் புள்ளி கிளம்பும். இரண்டு முதல் ஐந்து நாளில் மறையும். கழுத்துப் பிடிப்பு, முதுகுவலி, சளிக்காய்ச்சல் என்று வருகிறவர்களுக்குச் செய்கிறார்கள். 'குவா' என்றால் சுரண்டுவது, 'ஷா' என்றால் அந்தப் புள்ளி என்றார் சின்சே (இங்கே சீன வைத்தியரை அப்படித்தான் சொல்வோம்).

இப்போதைக்கு 'சுரண்டல் சிகிச்சை' என்று போட்டிருக்கிறேன். திட்டாமல் சொல்லுங்கள்.

பனங்காடு, திங்கள்:

திட்டவில்லை, சிரித்தேன். மருத்துவமனை வாசலில் 'சுரண்டல் சிகிச்சை இங்கே செய்யப்படும்' என்று பலகை வைத்தால் அது உண்மையை ஒப்புக்கொண்ட முதல் மருத்துவமனையாக இருக்கும். சுரண்டல் என்ற சொல்லைத் தொழிற்சங்கக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய் ரொம்ப நாளாகிவிட்டது, திரும்பி வராது.

'வழித்தல்' பாருங்கள். மாவை வழிக்கிறோம், வியர்வையை வழித்துப் போடுகிறோம். விளிம்பை வைத்து ஒரே பக்கமாக இழுப்பதுதான் வழித்தல். செயலுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. தோல் வழித்தல்.

வைத்தியர் மகன் (நாகர்கோவில்), செவ்வாய்:

முகம் வழிப்பது என்றால் எங்கள் ஊரில் சவரம். 'முதுகு வழிக்கப்படும்' என்று படித்துவிட்டு யாராவது வெட்கப்பட்டுத் திரும்பிப் போவார்கள்.

சித்த மருத்துவத்தில் புற மருந்து 32. கட்டு, பற்று, ஒற்றடம், வேது என்று அதில் இல்லாததில்லை. யாராவது 'கீறல்' என்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பட்டியலில் கீறலும் உண்டு, ஆனால் அது கத்தியால் கீறுவது. தொக்கணத்தின் (உடம்பு பிடித்துவிடும் முறை) ஒன்பது வகையையும் பார்த்தேன். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இழுத்தல் கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் விளிம்பு வைத்து உரசுவது ஒன்பதிலும் இல்லை. இல்லாததை இருக்கிறதென்று காட்டி 'இது நம்மிடமிருந்து போனது' என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்கள் முறை அவர்கள் முறையாகவே இருக்கட்டும். பெயர் மட்டும் நாம் வைப்போம்.

புலவர், செவ்வாய்:

அன்பர்களே, மெய்யெழுத்தில் ஞகரத்தில் முடியும் சொல் தமிழில் ஒன்றே ஒன்று. நகரத்தில் முடிவன இரண்டு. தொல்காப்பியர் கணக்கு இது. அந்த ஒன்று 'உரிஞ்', அதாவது தேய்த்தல், உராய்தல். அந்த இரண்டு 'பொருந்', 'வெரிந்'. வெரிந் என்பது என்ன? முதுகு! இலக்கணம் ஈராயிரம் ஆண்டாகப் பக்கத்துப் பக்கத்து நூற்பாவில் உட்கார வைத்திருக்கும் இரண்டு சொற்கள் இந்தச் சீனச் சிகிச்சைக்காகவே காத்திருந்தன போலும். வெரிந் உரிஞல். இதைவிட என்ன வேண்டும்?

கயல், செவ்வாய்:

ஐயா, அழகுதான். படிக்கப் போகிறவர் காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்து பிடிக்கிற அக்கா. அவருக்கு வெரிந் எங்கே இருக்கிறது என்று நான் படம் போட்டுக் காட்ட வேண்டிவரும். கழுத்தில் செய்தால் வேறு பெயரா?

கிணற்றடி (யாழ்ப்பாணம்), புதன்:

புலவர் ஐயா சொன்ன முதற்சொல் எங்களிட்டை இன்னும் சாகேல்லை. நாங்கள் முதுகு உரஞ்சுறம், சட்டி உரஞ்சுறம். மாடுகள் உடம்பைத் தேய்க்கவெண்டு தெருவோரம் நட்ட கல்லுக்குப் பேர் ஆவுரஞ்சிக்கல். சுமைதாங்கிக்குப் பக்கத்திலை இப்பவும் சில இடங்களிலை நிக்குது. ஆகவே 'தோல் உரஞ்சல்'. பழசும் புதுசும் ஒண்டாய்க் கிடக்கிற சொல்.

வைத்தியர் மகன், புதன்:

நல்ல சொல். ஆனால் அச்சில் 'உரிஞ்சல்' ஆகி, மெய்ப்புப் பார்ப்பவர் கையில் 'உறிஞ்சல்' ஆகிவிடும். உறிஞ்சலும் அந்த 32-இல் ஒன்று! அதே கையேட்டில் அடுத்த பக்கமே குவளை வைத்து இழுப்பது இருக்கும். ஒரு ரகரம் வல்லினமானால் சிகிச்சையே மாறிப்போகும்.

கிணற்றடி, புதன்:

நான் எழுதினது உரஞ்சல். இகரமே இல்லை. மெய்ப்பு பாக்கிறவரை மாத்துங்கோ, சொல்லை மாத்தாதேங்கோ.

குறுக்குச்சால், புதன்:

எதற்கு இந்தப் பாடு? குவா ஷா என்றே எழுதுங்கள். யோகாவைச் சீனர்கள் மொழிபெயர்த்தா செய்கிறார்கள்?

புலவர், புதன்:

ஒலிபெயர்ப்பதானாலும் 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்பதே நெறி. அயல் எழுத்தை நீக்கி 'குவா சா' என எழுதுக.

பனங்காடு, புதன்:

குவா குவா என்று பிறந்த குழந்தை அழும். சா என்றால் என்ன என்று புலவர் ஐயாவுக்கே தெரியும். நோயாளி கையில் கொடுக்கிற தாளில் பிறப்பையும் இறப்பையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஷ இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா.

தெம்பனிஸ், புதன் இரவு:

சீனம் கொஞ்சம் வாசிப்பேன் என்பதால் ஒரு வார்த்தை. எல்லோரும் 'குவா'வையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். விஷயம் 'ஷா'வில் இருக்கிறது. நோய் என்று காட்டும் எழுத்துறுப்பின் உள்ளே 'மணல்' என்ற எழுத்தை ஒலிக்காக வைத்து அதை எழுதுவார்கள். ஷா என்பது புள்ளி மட்டுமல்ல, ஒரு நோய் வகைக்கும் அதுவே பெயர். குவோ ஜிசுய் 1675-இல் அந்த வகை நோய்களுக்கென்றே ஷாஜாங் யூஹெங் என்று தனி நூல் எழுதினார். சீனத்தின் சில வட்டார வழக்குகளில் ஷா என்றால் தட்டம்மை. நாம் அதை என்ன சொல்கிறோம்? மணல்வாரி! இரண்டு மொழிக்காரர்களும் தோலில் அதே மணலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்தில் வேறு கதை. வியட்நாமில் காவ் ஸோ, கம்போடியாவில் கோஸ் கியால்: இரண்டுக்கும் காற்றைச் சுரண்டுவது என்று பொருள். இந்தோனேசியாவில் உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று நாணயத்தால் கெரோக்கான் செய்வார்கள். நம் வாயுப் பிடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கயல் கேட்பது சீன முறை. அதில் காற்றை நுழைக்க வேண்டாம். புள்ளிக்கு 'செம்மணல் தடிப்பு' என் பரிந்துரை.

பனங்காடு, வியாழன்:

மணல் சுரண்டல் என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். ஆற்றங்கரைக்காரன் கெஞ்சிக் கேட்கிறேன்.

வெள்ளுடை, வியாழன்:

சொல் எதுவானாலும் சரி. கயல் குழுமத்தில் ஏற்றிய வரைவில் 'உடலின் நச்சு புள்ளிகளாக வெளியேறுகிறது' என்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நுண்குழாய்கள் உடைந்து, குருதி தோலுக்கடியில் கசிகிறது. அதுதான் அந்தச் சிவப்பு. நச்சு எங்கும் போகவில்லை. 2007-இல் 11 பேரிடம் அளந்த ஆய்வில் சுரண்டிய இடத்தில் முதல் ஏழரை நிமிடம் நுண்குருதியோட்டம் நான்கு மடங்கானது. 2011-இல் ஜெர்மனியில் நாள்பட்ட கழுத்துவலிக்காரர் 48 பேரிடம் ஒரே ஒரு முறை செய்து பார்த்தார்கள். சூட்டு ஒற்றடம் வைத்தவர்களைவிட ஒரு வாரம் கழித்து வலி குறைவாக இருந்தது. ஒரு வாரத்துக்கு அப்பால் அது பேசவில்லை. 'வலி தற்காலிகமாகக் குறையலாம்' என்பதற்கு மேல் எழுத எனக்குக் கை வராது.

வார்ஃபரின் போலக் குருதி உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர், இரத்தக்கசிவு நோய் உள்ளவர், புண்ணோ சொறியோ உள்ளவர், இவர்களுக்குக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். கருவியைக் கிருமிநீக்கம் செய்வதையும்.

புள்ளிக்குச் சொல் தேடுவது வீண்வேலை என்று நினைக்காதீர்கள். 1970-களில் அமெரிக்காவுக்குப் போன வியட்நாம் அகதிக் குடும்பங்களில், நாணயத்தால் தேய்த்த தழும்பைப் பார்த்துப் பிள்ளையை அடித்திருக்கிறார்கள் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டதுண்டு. கையேட்டில் இருக்கும் ஒரு சரியான சொல்லைக் காட்டி ஒரு தாய் தப்பிக்கலாம்.

கயல், வியாழன் இரவு:

நச்சு போயிற்று. சின்சே முகம் சுளித்தார், பிறகு சரி என்றார்.

எண்ணிப் பார்த்தேன். உரஞ்சல் இரண்டு, வழித்தல் ஒன்றரை (பனங்காடு பாதி மனதோடு), குவா ஷா மூன்று, வெரிந் உரிஞல் ஒன்று. தலைப்பில் 'குவா ஷா', அதன் கீழே 'தோலில் எண்ணெய் தடவி உரசும் சீனச் சிகிச்சை', புள்ளிக்குச் 'செம்மணல் தடிப்பு'. எல்லோருக்கும் நன்றி.

புலவர், வெள்ளி:

உரசல் தீக்குச்சிக்கு. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

கிணற்றடி, வெள்ளி:

என்ரையும். உரஞ்சலை விட்டிட்டு உரசலுக்குப் போனது வீட்டுக் கிணத்தை விட்டிட்டுப் போத்தல் தண்ணி வாங்கின மாதிரி.

கயல், வெள்ளி காலை:

அச்சகத்தில் நிற்கிறேன். படத்துக்குக் கீழே கருவியின் பெயர் போட மறந்துவிட்டோம். தகடா, தட்டா, சீப்பா? பத்து நிமிடம் இருக்கிறது.

பனங்காடு, வெள்ளி:

சுரண்டி மட்டும் வேண்டாம்.