பேஸ்போல் வீரர் எட்வின் ஜாக்சனை நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். 2019 மே மாதம், டொராண்டோவின் ரோஜர்ஸ் சென்டர் மைதானத்தின் மேல்தட்டில் நானும் மகனும். அண்டைக்கு டொராண்டோவுக்குப் பந்தெறிய வந்தவர் எட்வின் ஜாக்சன். அவர் எறிந்த பந்துகளுக்கு நல்லாய் அடி விழுந்தது. பின் வரிசையில் ஒருவர் கூவத் தொடங்க, மகன் கேட்டான்: "அப்பா, இவரை ஏன் எடுத்தவை?"

இடைவேளையில் ஜாக்சன் ஆடிய அணிகளை அவன்ர ஸ்கோர் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன். டாட்ஜர்ஸ், டம்பா பே, டெட்ராய்ட், அரிசோனா, வைட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ், வாஷிங்டன், கப்ஸ், அட்லாண்டா, மயாமி, சான் டியேகோ, பால்டிமோர், ஓக்லண்ட். பதினாலாவது எங்கட டொராண்டோ. வட அமெரிக்காவின் உச்சப் பேஸ்போல் போட்டியான மேஜர் லீக் வரலாற்றிலேயே அதுவரைக்கும் ஒருவரும் 14 அணிகளுக்கு ஆடியதில்லை.

2003இல் தன் 20ஆவது பிறந்தநாளில் முதல் ஆட்டம், அதிலேயே பேர்போன பந்தெறிபவர் ராண்டி ஜான்சனை எதிர்த்து எறிந்து வென்றவர். 2011 ஜூலையில் வைட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்கு மாற்றியது. டொராண்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டது. அந்த வருடமே அங்கே உலகத் தொடர், அதாவது மேஜர் லீக்கின் இறுதித் தொடர், வென்றார். எட்டு வருடம் கழித்துத்தான் எங்கட சட்டையைப் போட்டு, பந்தெறியும் மேடான மவுண்டில் நின்றார்.

கனடா வந்த முதல் ஆறு வருடத்தில் நான் ஏஜென்சி வேலையாய் ஒன்பது ஃபாக்டரி மாறியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் "திங்கள் வரவேண்டாம்" என்பார்கள். திங்கள் காலை வேறு பஸ், வேறு லாக்கர், பேர் தெரியாத ஆட்கள். அதனால் கூவினவர் மேல் எனக்குச் சரியான கோபம் வந்தது. இங்கே அவருக்கு 1 வெற்றி, 5 தோல்வி. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 35 வயதில் இன்னொரு அணி கூப்பிட, உடனே வந்து எறிந்தாரே!

டம்பாவிலிருந்து:

அண்ணா, 2010 ஜூன் 25 எங்க ஊர் மைதானமான டிராபிகானா ஃபீல்டில் நான் இருந்தேன். அரிசோனாவுக்காக, தன்னை விட்டுக்கொடுத்த டம்பாவுக்கு எதிராவே நோ-ஹிட்டர் எறிஞ்சார், அதாவது எதிரணிக்கு ஆட்டம் முழுக்க ஒரு ஹிட் கூட குடுக்கல. ஒன்பது இன்னிங்ஸ்ல முதல் மூணுல மட்டும் 7 வாக், அதாவது பந்து சரியா விழாததால ஏழு தடவை பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போனாங்க! மூணாவதுல யாரும் அவுட் ஆகாம மூணு பேஸுலயும் எங்க ஊர் ஆளுங்க நின்னாங்க, பக்கத்துல இருந்தவர் பாப்கார்னைக் கீழ வெச்சுட்டு எழுந்து நின்னார். ஒரு ரன் கூட விடல. முடியறப்போ 149 பந்து, 1-0. எங்க ஊர் தோத்துச்சு, ஆனா நாங்களே கை தட்டினோம். அஞ்சு வாரத்துல அரிசோனா அவரை வைட் சாக்ஸுக்கு அனுப்பிடுச்சு. எனக்கு இன்னிக்கும் அது ஆறல.

வேறொருவர்:

2025இல் ரிச் ஹில் என்ற இன்னொரு பந்தெறிபவரும் கன்சாஸ் சிட்டியோடு 14 அணிகளைத் தொட்டுவிட்டார், 45 வயதில்.

ஸ்காபரோவிலிருந்து மறுபடியும்:

தம்பி, நீங்கள் சொன்ன ஆட்டத்தை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜாக்சன் அமெரிக்க அணியோடு வெள்ளி வாங்கினார், செப்டம்பரில் ஓய்வு. அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. டொராண்டோவுக்குக் கீழே, அதுக்குப் பிறகு திரும்பப் போன டெட்ராய்ட்டையும் டோக்கியோவையும் அவன் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்.